அங்குலமும் ஆங்கிலமும்

(பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

எண்ணையும் எழுத்தையும் மக்களுக்கு இரு கண்களென்று போற்றுவது நம் முன்னோர் மரபு. இவ்வுவமையில் அடங்கிய நுட்பமொன்றை நாம் பெரும்பாலும் நோக்குவதில்லை. கண்கள் இரண்டாயினும் அவை காணும் பொருள் ஒன்றே. ஒரு கண் ஒரு திசையிலும் மற்றொரு கண் வேறொரு திசையிலும் நோக்குமாயின், அதனை நற்பார்வை என்று யாரும் சொல்லார். ஆயினும் எண்ணுக்கு ஓர் அறை, எழுத்துக்கு ஓர் அறை என்றும், எண்ணுக்கு ஓர் ஆசிரியர், எழுத்துக்கு ஓர் ஆசிரியர் என்றும் கல்விச்சாலைகளில் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இளஞ்சிறார்க்கு இப்பிரிவினால் பெருங்கேடு விளையாதிருக்கலாம். அவர்களுக்குக் காலம் உண்டு. பகலெல்லாம் உழைத்து இரவில் கல்வி நாடும் வயது வந்தோர்க்கோ இது பெருந்தடையாகும். அயல்நாடு சென்று ஆங்கிலம் பயிலும் தொழிலாளர்க்கு, தொழிலிடத்து அளவுச் சொற்களையும் கணக்கையும் எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பது பற்றி, யான் கண்டறிந்த சிலவற்றை ஈண்டு எழுதத் துணிகிறேன்.

இக்கல்லூரியில் கணிதம் பயின்று, பல்லாண்டு கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றபின், யான் சில மாதங்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் என் மகன் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவ்வூர்ப் பொது நூலகத்தின் கீழறையில் வாரம் இருமுறை மாலையில் ஒரு வகுப்பு நடந்தது. பிற நாடுகளிலிருந்து குடியேறி, ஆங்கிலம் அறியாது இடர்ப்படும் தொழிலாளர்க்கென ஏற்பட்டது அது. உதவி செய்வார் வேண்டும் என்றனர், யானும் சென்றேன். ஆப்கானிஸ்தானத்துத் தச்சர் ஒருவர், கட்டடங்களைத் துப்புரவு செய்யும் காங்கோ நாட்டவர் ஒருவர், உணவு விடுதியின் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் வியட்நாமிய அம்மையார் ஒருவர், இன்னும் சிலர் என் மேசையைச் சுற்றி அமர்ந்தனர்.

அத்தச்சர் தம் நாட்டில் இருபது ஆண்டுகள் கதவும் சன்னலும் செய்தவர். மீட்டரிலும் சென்டிமீட்டரிலும் அளந்து பழகியவர். அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்த வேலை யாதெனில், பலகை சுமப்பதும் மரத்தூள் கூட்டுவதும். ஏணியின் மேலிருந்து மேஸ்திரி, ஐந்தடி, இரண்டே பதினொன்றின் கீழ்ப் பதினாறு அங்குலம் என்று ஆங்கிலத்தில் கூவுவார். இவர் கீழே நின்று சட்டத்தை அறுத்துக் கொடுத்தல் வேண்டும். முதல் நாள் இவர், விளங்கிற்று என்று தலையசைத்துத் தவறாக அறுத்துவிட்டார். அன்று முதல் இவர் கையில் ரம்பத்தைக் கொடுப்பார் இல்லை. அவர் என்னை ‘உஸ்தாத்’ என்றழைப்பார். அவருடைய மொழியில் ஆசிரியரையும் கைதேர்ந்த தொழிலாளியையும் அந்த ஒரே சொல்லால் அழைப்பது வழக்கம். அப்பெயருக்கு என்னினும் அவரே உரியவர் என்பதை யான் உணரச் சில வாரங்கள் ஆயின.

முதலில் யான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். கணித ஆசிரியனல்லவா? ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்று கரும்பலகையில் எழுதி, இதனால் பெருக்குக, அதனால் வகுக்க என்று இரண்டு மாலைகள் வாய்ப்பாடு சொன்னேன். யாவரும் பொறுமையுடன் எழுதிக்கொண்டனர். மூன்றாம் மாலை அத்தச்சர் தம் அளவு நாடாவை என் முன்னே விரித்து, அதிலுள்ள சிறு கோடுகளைச் சுட்டிக்காட்டி, ‘உஸ்தாத், இவற்றின் பெயர் என்ன?’ என்று மெல்லக் கேட்டார். அவருக்கு வேண்டியது பெருக்கலன்று, பெயர். யான் கேட்கப்படாத வினாவுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தேன்.

உலகில் மிகப் பல நாடுகள் மீட்டர் முறையைக் கைக்கொண்டிருக்க, அமெரிக்கத் தச்சனும் சமையற்காரனும் அங்குலம், அடி, அவுன்ஸ், காலன் இவற்றைக் கொண்டே அன்றாடம் உழைக்கின்றனர். அந்நாட்டுக்கு மீட்டர் தெரியாதென்று எண்ணற்க. 1866-ஆம் ஆண்டிலேயே மீட்டர் முறை அங்கே சட்டபூர்வமாக அனுமதிக்கப்பெற்றது. 1893-ஆம் ஆண்டு முதல் கஜமும் பவுண்டும் மீட்டர், கிலோகிராம் இவற்றைக் கொண்டே வரையறுக்கப்பெற்று வருகின்றன. ஓர் அங்குலம் மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்னும் இன்றைய வரையறை 1959-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1975-ஆம் ஆண்டில் மீட்டர் முறைக்கு மாறுவதற்கெனச் சட்டமும் இயற்றினர். ஆயின் அம்மாற்றத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டமையால் அது தொழிலாளர் நாவில் ஏறவில்லை. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 1958 அக்டோபர் முதல் மீட்டர் முறை படிப்படியாகப் புகுந்தும், மனையை நாம் இன்னும் சதுர அடியால் பேசுகிறோமன்றோ? சட்டம் மாறுவது எளிது. நா மாறுவது அரிது. புதிதாய்க் குடியேறுவோன் சட்டப் புத்தகத்தின் அளவைக் கற்றாற் போதாது. நாவிலுள்ள அளவையே கற்றல் வேண்டும்.

அவ்வளவுச் சொற்களோ வஞ்சகம் நிறைந்தவை. ‘புட்’ என்பது காலடி, அதுவே நீளம். ‘யார்டு’ என்பது கஜம். வீட்டைச் சூழ்ந்த வெளியும் அதுவே. ‘குவார்ட்டர்’ என்னும் ஒரு சொல் காற்பங்கையும், 25 சென்ட் நாணயத்தையும், பதினைந்து நிமிடத்தையும், மூன்று மாதத்தையும் குறிக்கும். ‘அவுன்ஸ்’ என்பது நிறையும் ஆகும். நீர்ப்பொருளின் கொள்ளளவும் ஆகும். மரக்கடையில் ‘டூ பை போர்’ என்று விற்கும் சட்டத்தை அளந்து பார்த்தால் இரண்டுக்கு நான்கு அங்குலம் இராது. ஒன்றரைக்கு மூன்றரையே இருக்கும். அகராதியை நம்பி மரம் வாங்குவோன் என் செய்வான்? கணக்கில் வல்லவனாயினும் அவன் தடுமாறுவான். அத்தடுமாற்றம் கணக்கறியாமையினால் வந்ததன்று, வழக்கறியாமையினால் வந்தது.

இனிக் காதின் இடர்ப்பாடு. ஆங்கிலத்தில் பதினைந்துக்குப் ‘பிப்டீன்’, ஐம்பதுக்குப் ‘பிப்டி’. பதின்மூன்றும் முப்பதும், பதினான்கும் நாற்பதும் அவ்வாறே. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதொன்றே பெரும்பாலும் வேற்றுமை. இயந்திரங்கள் இரையும் கூடத்தில் அந்த அழுத்தம் யார் காதில் விழும்? ‘சிக்ஸ்’ என்றால் ஆறு. அதன் ஈற்றில் மெல்லியதோர் ஒலி சேர்ந்தால் ஆறில் ஒரு பங்கு. அவ்வொலி தம் தாய்மொழியில் இல்லாதார் பலர். ஆதலின், கேட்ட எண்ணை ஓரிலக்கமாகப் பிரித்து, ‘ஒன்று ஐந்தா, ஐந்து சுழியா?’ என்று திருப்பிக் கேட்கும் வாக்கியத்தை முதல் வாரத்திலேயே கற்பித்தல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இலக்கணத்தில் அது மிகச் சிறிய வாக்கியம். தொழிலிடத்திலோ விரலையும் வேலையையும் காப்பாற்றும் வாக்கியம்.

எழுதும் முறையிலும் இடர் உண்டு. காங்கோ நாட்டவர் பிரெஞ்சு முறையில் பயின்றவர். அவர் தசமப் புள்ளி வரவேண்டிய இடத்தில் காற்புள்ளி இடுவார். வியட்நாமிய அம்மையாரும் அப்படியே. அவர்களுடைய வழக்கப்படி 1.500 என்பது ஆயிரத்தைந்நூறு. அமெரிக்க வழக்கப்படி அது ஒன்றரை. ஆப்கானியத் தச்சருடைய எழுத்தில் சுழி என்பது ஒரு புள்ளியே. ஆகவே அமெரிக்கரின் தசமப் புள்ளியைக் கண்ட அவர் அதனைச் சுழியென்று எண்ணியதில் வியப்பில்லை. இவற்றையெல்லாம் பிழையென்று சிவப்பு மையால் கீறும் ஆசிரியர், ஒருவருடைய நாட்டையே பிழையென்று கீறுகிறார். ‘உங்கள் ஊரில் இதனை எப்படி எழுதுவீர்கள்? பலகையில் எழுதிக் காட்டுங்கள்’ என்று கேட்பாராயின், வகுப்பு முழுவதும் அரை மணியில் தெளிவடையும். எழுதிக் காட்டியவரும் தலை நிமிர்வார்.

இவை அற்ப விஷயங்கள் என்று சிலர் கருதலாம். அற்பமல்ல. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தார் வகுத்துள்ள மாதிரி விதிகளின்படி, கெடக்கூடிய குளிர்ந்த உணவைப் பாரன்ஹீட் 41 பாகைக்கு மேற்போக விடாமலும், சூடான உணவை 135 பாகைக்குக் கீழே வர விடாமலும் காத்தல் வேண்டும். செல்சியஸ் முறையில் வளர்ந்தவருக்கு 41 என்றவுடன் கொடிய கோடை நினைவுக்கு வரும். உண்மையில் அது செல்சியஸ் 5. ‘மேற்போகாமல்’, ‘கீழே வராமல்’ என்னும் இரு சொற்களை மாற்றி உணர்ந்தால் உண்போர் நோயுறுவர். துப்புரவு மருந்தின் புட்டியில் 1-க்கு 64 என்றிருக்கும். அமெரிக்கக் காலன் ஒன்றுக்கு 128 அவுன்ஸ் ஆகையால், ஒரு காலன் நீருக்கு 2 அவுன்ஸ் மருந்து என்பது அதன் பொருள். மிகுந்தால் தோலும் மூச்சும் வருந்தும். குறைந்தால் அழுக்கும் கிருமியும் அகலா. குழந்தைக்கு மருந்து புகட்டும் தாய்க்குச் சிறுகரண்டி, பெருங்கரண்டி என்னும் இரண்டு ஆங்கிலப் பெயர்களும் ஒன்றுபோல் ஒலிக்கும். அளவிலோ ஒன்று மற்றொன்றின் மும்மடங்கு. இது கருதியே, குழந்தை மருந்துகளை மில்லிலிட்டர் ஒன்றாலேயே குறிக்க வேண்டுமென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தார் 2015-ஆம் ஆண்டில் வற்புறுத்தினர்.

முதலாளிக்கு வேண்டிய அளவுகளை மட்டும் கற்பித்துத் தொழிலாளிக்கு வேண்டியதை மறப்பதும் நேர்மையன்று. கூலிச் சீட்டும் ஓர் அளவுப் பாடமே. 1938-ஆம் ஆண்டில் தோன்றிய தொழிற்சட்டமொன்று, தனக்கு உட்பட்ட தொழிலாளர் வாரத்தில் 40 மணிக்கு மேல் உழைத்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி பெறுமாறு செய்கிறது. ‘டைம் அண்ட் எ ஹாப்’ என்று அதனைச் சொல்வர். காங்கோ நாட்டவர் அச்சொற்றொடரை அரை மணி நேரம் என்று பொருள் கொண்டிருந்தார். மற்றொரு நாள் தம் சீட்டில் 7.75 என்றிருந்ததைக் காட்டி, ஏழு மணி எழுபத்தைந்து நிமிடம் எவ்வாறு ஆகும் என்று கேட்டார். அது ஏழேமுக்கால் மணி, அஃதாவது ஏழு மணி நாற்பத்தைந்து நிமிடம் என்று விளக்கினேன். அன்று இரவே அவர் தம் பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்ததாகச் சொன்னார். வேறெந்தப் பாடத்தையும் அவர் அவ்வளவு ஆவலுடன் வீட்டில் படித்ததில்லை.

நிற்க. இவ்வகைக் கல்விக்கு எதிராகச் சொல்லப்படுவன இரண்டு. முதலாவது, ‘மொழியை ஒழுங்காகக் கற்கட்டும்; வேற்றுமையும் காலமும் தெரிந்தபின் தொழிற்சொற்கள் தாமே வரும்’ என்பது. இது மாடி கட்டியபின் அடிப்படை தோண்டலாம் என்பது போலும். வயது வந்தோர் பொருளைப் பற்றிக்கொண்டே சொல்லைப் பற்றுவர். 1914-ஆம் ஆண்டில் போர்டு மோட்டார்த் தொழிற்சாலையார் தம் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கென ஆங்கிலப் பள்ளியொன்று தொடங்கியபோது, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைச் சார்ந்த பீட்டர் ராபர்ட்ஸ் வகுத்த முறையைக் கைக்கொண்டனர். துயிலெழுதல், முகங்கழுவுதல், வேலைக்குச் செல்லுதல் போன்ற அன்றாடச் செயல்களை நடித்துக் காட்டியே அம்முறையில் பாடம் சொல்வர். 1963-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் என்னும் ஊரில், பாவ்லோ பிரெய்ரே என்பார் ஏறக்குறைய 300 உழைப்பாளிகளுக்குச் சுமார் 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முயன்று புகழ்பெற்றார். ‘செங்கல்’ போன்று, உழைப்போர் வாழ்வில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்குவதே அவர் முறை. போர்டு பள்ளியின் நோக்கமும் பிரெய்ரேயின் நோக்கமும் மிக வேறானவை. ஆயினும் கைப்பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்லும் வழி இருவருக்கும் பொதுவாயிற்று.

இரண்டாவது தடை வாயால் சொல்லப்படுவதன்று, மனத்துக்குள் இருப்பது. பேசத் தெரியாதவனுக்குக் கணக்கும் தெரியாது என்னும் எண்ணம் அது. அத்தகைய ஆசிரியர், இருபது ஆண்டு தச்சு வேலை செய்தவர்க்கு, ஆப்பிளை நான்காகப் பிளந்து காற்பங்கு கற்பிக்கத் தொடங்குவர். பிரேசில் நாட்டு ரெசிபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர் ஐவரை ஆராய்ந்து, 1985-ஆம் ஆண்டில் அறிஞர் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தெருவில் வியாபாரத்தினிடையே கேட்ட கணக்குகளில் நூற்றுக்குச் சுமார் 98 வீதம் அச்சிறுவர் சரியாகச் சொன்னார்கள். அதே வகைக் கணக்குகளைப் பள்ளி முறையில் வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது சுமார் 37 வீதமே சரியாயின. சிறுவர் மாறவில்லை, கணக்கும் மாறவில்லை, கேட்ட மொழியே மாறிற்று.

கற்றோர் மட்டும் அளவில் இடறாதவரோ? 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கனடா நாட்டுப் புதிய விமானமொன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரு இயந்திரங்களும் நின்று, கிம்லி என்னுமிடத்துப் பழைய விமானத்தளத்தில் மிதந்து வந்து இறங்கியது. கிலோகிராமில் கணக்கிட வேண்டியதைப் பவுண்டில் கணக்கிட்டதே முதன்மையான காரணம். நல்வினையால் ஒருவரும் உயிரிழக்கவில்லை. 1999-ஆம் ஆண்டில் செவ்வாய்க்கு அனுப்பிய அமெரிக்க விண்கலமொன்று, ஒரு சாரார் பவுண்டு முறையிலும் மற்றொரு சாரார் மீட்டர் முறையிலும் கணக்கிட்டமையால் அழிந்துபட்டது. அவர்களை யாரும் கணக்கறியாதார் என்று மரத்தூள் கூட்ட அனுப்பவில்லை. ஏழைத் தச்சருக்கும் அந்நியாயம் உரியதன்றோ?

இனி, அத்தச்சர் கேட்ட வினாவுக்கு வருவோம். நாடாவில் ஓர் அங்குலத்துக்குப் பதினாறு பாகம். அக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நம் ஊர்த் தச்சர்கள் நினைவுக்கு வந்தனர். அவர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ‘நூல்’ என்பர். ‘இரண்டங்குலம் மூன்று நூல்’ என்பாரேயன்றி, இரண்டே மூன்றின் கீழ் எட்டு என்னார். இதில் பகுதியும் இல்லை, தொகுதியும் இல்லை. பின்னம் மறைந்து வெறும் எண்ணிக்கை ஆகிவிடுகிறது. நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியும் அப்படியே. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கிப் பதினாறில் ஒன்றுக்குத் தனிப்பெயர் வைத்திருந்தனர் நம் முன்னோர். ‘முக்காலே மூன்று வீசம்’ என்று நாம் இன்றும் வாயாரச் சொல்கிறோம். அது பதினாறில் பதினைந்து பங்கு என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? அமெரிக்கத் தச்சனின் நாடா நம் பாட்டனாரின் வீசக்கணக்கே என்று கண்டபோது யான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

மறுநாள் வகுப்பில் அந்நூற்கதையைச் சொன்னேன். ‘இச்சிறு பாகங்களை இன்று நாம் நூல் என்றே எண்ணுவோம், பின்னம் வேண்டா’ என்றேன். மேசையின் அகலம், புத்தகத்தின் தடிப்பு, கதவின் இடைவெளி யாவற்றையும் அளந்து, இத்தனை அங்குலம் இத்தனை நூல் என்று ஆங்கில எண்களால் சொன்னார்கள். ஒருவரும் தவறவில்லை. அதன்பின், ‘இந்நூலுக்கு ஆங்கிலத்தில் பதினாறிலொன்று என்று பெயர்’ என்று மட்டும் சொன்னேன். பதினொரு நூல், பதினொன்றின் கீழ்ப் பதினாறு ஆயிற்று. எட்டு நூலை ஏன் அரை என்கிறார்கள் என்பதை அவர்களே நாடாவில் கண்டு சொன்னார்கள். ஆங்கிலத்தில் பகுதியெண்ணைக் குறிக்கும் ‘டினாமினேட்டர்’ என்னும் சொல்லுக்குப் பெயரிடுவது என்பதே மூலப்பொருள். பல்லாண்டு அச்சொல்லைக் கற்பித்த யான், அதன் பொருளை உணர்ந்தது அன்று மாலையே.

இவ்வனுபவத்திலிருந்து யான் கொண்ட முடிபுகளைத் தொகுத்துச் சொல்கிறேன். முதலாவது, கற்போர் எதனை அளக்கிறார் என்று கேட்டறிந்து, அந்தக் கருவியையே பாடப்புத்தகமாகக் கொள்க: தச்சருக்கு நாடா, சமையலருக்கு வெப்பமானி, துப்புரவாளருக்கு அளவுக் குவளை. இரண்டாவது, கேட்டல், திருப்பிச் சொல்லுதல், செய்தல் என்னும் மூன்றும் ஒரே மூச்சில் நடைபெறுக. தாளில் எழுதுவது அதன் பின்னரே. மூன்றாவது, வாய்பாட்டினும் நிலையான அடையாளங்கள் பெரிது. நீர் உறைவது 32, குளிர்ப்பெட்டி 41, உடல் ஏறக்குறைய 98, கோழி வேக வேண்டியது 165, நீர் கொதிப்பது 212 என்று ஐந்து பாகைகளை மனத்தில் நிறுத்தினால், ஒன்பதின் கீழ் ஐந்தால் பெருக்கி முப்பத்திரண்டைக் கூட்டும் வேலை அடுப்பங்கரையில் வேண்டியதில்லை. நான்காவது, ‘குறைந்தது’, ‘மேற்படாமல்’, ‘பன்னிரண்டிலிருந்து ஐந்து குறைய’ போன்ற சிறு தொடர்களை எண்களோடு சேர்த்தே பழக்குக. எண்ணைச் சரியாகக் கேட்டும் இத்தொடரைத் தவறாகக் கொண்டால் பயனில்லை. ஐந்தாவது, விளங்காதபோது தலையசைக்கலாகாது என்பதையும், மறுபடி கேட்பது இழிவன்று என்பதையும் பாடத்தின் ஒரு பகுதியாகவே நடத்துக.

கையடக்கத் தொலைபேசியே அளக்கவும் மாற்றவும் மொழிபெயர்க்கவும் செய்யும் இக்காலத்தில் இத்தனை பிரயாசை எதற்கு என்று மாணவ நண்பர்கள் வினவலாம். கருவி எண்ணைத் தரும். அவ்வெண் பொருந்துமா என்பதைத் தராது. 5.5 அடி என்று கருவி காட்டினால், அது ஐந்தடி ஐந்தங்குலமன்று, ஐந்தடி ஆறங்குலம் என்று அறிபவன் மனிதனே. மேலும், ஏணியின் மேல் நிற்கும் மேஸ்திரி தம் சொல்லை மொழிபெயர்ப்புக் கருவி விழுங்கி உமிழும்வரை காத்திரார். கருவியை விலக்குக என்று யான் சொல்லவில்லை. கருவி பொய் சொல்லும்போது அறிந்துகொள்ளும் அளவுக்கேனும் கற்றல் வேண்டும் என்கிறேன்.

உண்மையான இடையூறு கற்போரிடத்தில் இல்லை, நம்மிடத்தில் உள்ளது. மொழியாசிரியர் பின்னத்தைக் கண்டால் அஞ்சுவர். கணித ஆசிரியர் சொல்லைப் பொருட்படுத்தார். யானும் அக்குற்றத்துக்கு உட்பட்டவனே. இரு திறத்தாரும் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு பாடத்தை இயற்றுவாராயின், மாதங்களில் கைகூடாதது வாரங்களில் கைகூடும். இக்கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் ஆசிரியராகவும் ஊழியராகவும் அயல்நாடு செல்வோர் பலர். நம் ஊரிலிருந்தே வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் கட்டட வேலைக்குச் செல்லும் எளியோரும் பலர். அங்கே அவர்கள் காதிலும் ஆங்கில அளவுகள் விழும். விடுமுறையில் வாரம் ஒரு மாலை, ஒரு நாடாவும் ஒரு குவளையும் கொண்டு அத்தகையோர் சிலருக்கு அளவு மொழி கற்பிக்க, நம் ஆங்கிலப் பிரிவு மாணவரும் கணிதப் பிரிவு மாணவரும் கூடி முன்வருவாராயின், அது இருவர் படிப்புக்கும் நல்ல பரீக்ஷையாக அமையும்.

யான் புறப்படுவதற்கு முந்திய வாரம் அத்தச்சர் சற்றுத் தாமதமாக வகுப்புக்கு வந்தார். அன்று ரம்பம் பிடிப்பவன் வரவில்லையாம். மேஸ்திரி மேலிருந்து ஓர் அளவைக் கூவினாராம். இவர் தலையசைக்காமல், அவ்வளவை அடி, அங்குலம், பதினாறிலொன்று என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாராம். மேஸ்திரி ஆமென்றார், இவர் அறுத்தார், சட்டம் தன் இடத்தில் பொருந்திற்று. அதற்குமேல் யாதும் நிகழவில்லை. கூலியும் அன்று உயரவில்லை. ஆயினும் அவர் அச்செய்தியைச் சொன்னபோது, மரத்தூள் படிந்த தம் கைகளை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். அக்கைகளின் திறமை அவர் வரும்போதே உடன் வந்தது. அதற்கு யான் யாதும் சேர்க்கவில்லை. அதனைப் பிறர் அறியும் வண்ணம் சொல்வதற்குச் சில சொற்களே குறைவாயிருந்தன. அச்சிறு குறையை நீக்க எண்ணும் எழுத்துமாகிய இரு கண்களையும் ஒரு பொருள்மேல் நிறுத்துவதன்றி வேறு வழி யான் காணேன்.